மூன்று நாற்பதுக்கு ரத்தம் எடுத்த ஆவி

"எத்தனை தடவை டாக்டர் சொல்றது? அந்த நேரத்துல நான் வீட்டுல..."

"ரிப்போர்ட்டுல இருக்கும்மா! அச்சுல இருக்கு! அதிகாலை மூணு நாப்பதுன்னு..."

"...குறட்டை விட்டுக்கிட்டு இருந்தேன். என் மாமியாரைக் கேளுங்க. வேணும்னா பக்கத்து வீட்டைக் கேளுங்க, அவங்களுக்கும் கேட்டிருக்கும்."

"நீ குறட்டை விட்டியா இல்லையாங்கறது இல்ல இப்ப பேச்சு. உன்னாலதான் இந்த மிஷினுல நேரம்..."

"என்னால எப்படி டாக்டர் நேரம் பின்னாடி போகும்? முள்ளைப் பிடிச்சு இழுத்துக்கிட்டா உக்காந்திருக்கேன்?"

"காலஞானி அதைத்தான் சொல்றாரு!"

அதற்கு மேல் பேச்சே கிடையாது. காலஞானி சொல்லிவிட்டார். டாக்டரின் முதுகுக்குப் பின்னால் சுவரில் நான்கு பட்டங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. நான்கும் வாயைத் திறக்கவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைக்கூடம் நெடுகக் கூட்டம். அன்றைக்கு, தகடு வைத்துப் பத்தாம் நாள், காலஞானியிடம் அதைப் புதுப்பிக்கும் நாள். கீழ்த்தளத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் ஆளுக்கொரு செப்புத் தகட்டைக் கைக்குட்டையில் பொதிந்து, பிறந்த குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவர் நின்றுபோன மிக்சியைக் கொண்டுவந்திருந்தார். அதற்கும் காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பதென்று ஆரம்பித்தால் எங்கே போய் முடியும்?

"நாளைக்கு மதியத்தோட நின்னுக்கம்மா" என்றார் டாக்டர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "உன் மேல எனக்குக் கோபம் இல்ல. பதினோரு வருஷம் நல்லாத்தான் வேலை பார்த்தே. ஆனா உன் பிறந்த நேரம் இந்தக் கட்டடத்துக்கு ஒத்துக்கலையாம். நான் என்ன பண்றது?"

அவளை அந்தக் கட்டடத்தில் எல்லாரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் ஊசி குத்தினால் கைக்குழந்தைகூட இரண்டு நொடி கழித்துத்தான் அழும். அவ்வளவு கைத்தேர்ச்சி. நேற்று வரை அந்தப் பெயர்தான். இன்று காலை அவளுக்கு வேறு பெயர் வந்துவிட்டது: நேரந்தின்னி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு பெரியவர் சர்க்கரை சோதிக்க வந்தார். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம் கொடுத்தார். மாலையில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தவர், படி இறங்கினவர் அப்படியே திரும்பி ஏறி வந்தார்.

"ஏம்மா, மொதல் ரத்தம் அதிகாலை மூணு நாப்பதுக்கு எடுத்ததா போட்டிருக்கு. அப்ப நான் என் கட்டில்ல இல்ல படுத்திருந்தேன்? யார் வந்து எடுத்தது?"

ஆறு மணிக்குத் திறக்கிற கூடத்தில் மூன்று நாற்பதுக்கு ரத்தம் எடுத்தது யார்? கம்ப்யூட்டரில் மணி தவறு என்று ஊசியம்மா சொன்னாள். அது ரொம்பச் சாதாரணமான பதில். அதனால் யாருக்கும் பிடிக்கவில்லை. மறுநாள் காலைக்குள் கட்டடத்தில் ஓர் ஆவி குடியேறிவிட்டது. அதற்கு வெள்ளைக் கோட்டும் கையில் ஊசியும் இருந்ததாக, அதைப் பார்க்காத எல்லாரும் சொன்னார்கள்.

அப்புறம் பார்த்தால் ஜெராக்ஸ் அக்கா கடையிலும் கம்ப்யூட்டர் பின்தங்குகிறது. போட்டோக்காரர் ஸ்டுடியோவிலும் பின்தங்குகிறது. தட்டச்சுக் கடையிலும் அதே கதை. தினமும் காலையில் திறந்தால் மூன்றரை மணி நேரம் பின்னால். கையால் சரிசெய்தால் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடும். மறுநாள் காலை பழையபடி. திங்கட்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம்: ஆறு மணிக்குத் திறந்தால் திரையில் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி.

இத்தனைக்கும் கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரே வியாபாரியிடம் ஒரே வண்டியில் வந்திறங்கிய பழைய சரக்கு. எதிலும் இணையம் கிடையாது. வேலை நேரத்தில் படம் பார்க்கிறார்கள் என்று டாக்டர் தன் கூடத்தில் அதைப் பிடுங்கியிருந்தார். மற்றவர்கள் செலவு கட்டுப்படியாகாது என்று வைத்துக்கொள்ளவேயில்லை. மாடியில் டிக்கெட் போடுகிறவர் கடையில் மட்டும் இணையம் உண்டு. அவருடைய கடிகாரம் ஒரு நாளும் பிசகியதில்லை. அதற்கும் காலஞானியிடம் விளக்கம் இருந்தது. "அவர் நட்சத்திரம் கெட்டி."

காலஞானியை அழைத்து வந்தவர் போட்டோக்காரர். முழுக்கைச் சட்டை, தோளில் தோல் பை, கைக்கு இரண்டு வீதம் நான்கு கைக்கடிகாரம். நான்கும் ஓடவில்லை. ஏன் என்று கேட்டால், "என்கிட்ட காலம் நின்னு பேசும்" என்பார். பிறகு யார் வாயைத் திறப்பது?

"காலங்கறது தண்ணி மாதிரி" என்றார் முதல் நாளே. "பள்ளத்துல தேங்கும். உங்க கட்டடத்துல எங்கேயோ ஒரு பள்ளம் இருக்கு."

தரை மட்டமாகத்தானே இருக்கிறது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஆளுக்கொரு தகடு வாங்கிக் கம்ப்யூட்டர் மேல் வைத்தார்கள். கூடவே ஒரு விரதம். தகடு வைத்த ஒன்பது நாளும் கட்டடத்தின் மெயின் சுவிட்சை இறக்கக் கூடாது. "தகடு தூங்கக் கூடாது. தூங்கினா காலமும் தூங்கிடும்."

அதுதான் கட்டடக்காரருக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாடிப்படியில் ஒரு ஒயர் கருகியதிலிருந்து, தினமும் எட்டு மணிக்குக் கடைகள் மூடியதும் அவரே வந்து மெயினை இறக்கி, அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமை மெயின் மேலே ஏறுவதே இல்லை. ரத்தக் கூடத்துக் குளிர்பெட்டிக்கு மட்டும், மருந்து கெட்டுவிடும் என்று, மெயினுக்கு முன்னாலிருந்தே தனி ஒயர் இழுத்துக் கொடுத்திருந்தார். ஆனாலும் ஞானி சொல்லைத் தட்ட முடியுமா? ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு மெயினைத் தொடாமல் இருந்தார்.

ஆச்சரியம்! ஒன்பது நாளும் கடிகாரங்கள் ஒரு நிமிடம் பிசகவில்லை. பத்தாம் நாள் கட்டடக்காரர் நிம்மதியாக மெயினை இறக்கினார். பதினோராம் நாள் காலை மூன்றரை மணி நேரம் பின்னால்.

"தகடுக்குப் பசி" என்றார் காலஞானி. புதுப்பித்தார்கள். மறுபடியும் ஒன்பது நாள் விரதம். இப்படியே மூன்று சுற்று ஓடியது. இடையில் போட்டோக்காரர் மட்டும் மகாபரிகாரம் செய்துகொண்டார். அதற்குக் காணிக்கை பெரிது. ஞானி திரையை இழுத்து மூடிக்கொண்டு கம்ப்யூட்டரோடு கால் மணி நேரம் தனியாக இருந்தார். உள்ளே 'காலமணி' பதித்துவிட்டதாகச் சொல்லி வேர்வையோடு வெளியே வந்தார். அன்றிலிருந்து போட்டோக்காரர் கடிகாரம் தப்பவேயில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை.

இந்தத் திருவிழாவில் ஊசியம்மா செய்த ஒரே குற்றம், நேற்று முன்தினம் ஒரு கேள்வி கேட்டது.

"ஐயா, தகடுதானே நேரத்தைக் காக்குது? அப்ப மெயின் எப்படிப் போனா தகடுக்கு என்ன?"

காலஞானி அவளை ஏற இறங்கப் பார்த்தார். இன்று காலை ஒரு நூலில் பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நடைக்கூடம் முழுக்க நடந்தார். குண்டு எல்லாரையும் தாண்டி வந்து, வேறெங்கும் சுற்றாமல், ஊசியம்மாவுக்கு முன்னால் வந்து கிறுகிறுவென்று சுற்றியது.

"பள்ளம் இதோ இருக்கு" என்றார் ஞானி. "அகால வேளையில பிறந்தவ. வாசலுக்கு எதிர்ல உக்காந்துக்கிட்டு நேரத்தைத் தின்னுக்கிட்டிருக்கா."

பத்து நிமிடத்தில் பெயர் நடைக்கூடத்தைத் தாண்டிவிட்டது. ஜெராக்ஸ் அக்கா, ஐந்து வருஷமாக அவளோடு ஒரே டீயைப் பாதி பாதி குடிக்கிறவள், அவள் வருவதைப் பார்த்ததும் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தாள்.

"அக்கா, நீங்களுமா?"

"உன்னை ஒண்ணும் சொல்லலடி. கடிகாரம் புதுசு, அதான்."

மதியம் ஊசியம்மா இரண்டு போன் பேசினாள். முதலாவது, இரண்டு தெரு தள்ளி இருக்கிற வேறொரு பரிசோதனைக் கூடத்துக்கு. ஆள் வேண்டும் என்று போன மாதம்தான் கேட்டிருந்தார்கள். பேரைச் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கத்துக் குரல் இழுத்தது.

"நீங்க... அந்த நேரந்தின்னி நீங்கதானா?"

அவள் போனை வைத்தாள். இந்த வேலை போனால் இன்னொரு வேலை என்று இருந்தாள். இனி எந்த ஊசியையும் எந்தக் கூடத்திலும் அவள் கையில் கொடுக்கப் போவதில்லை.

இரண்டாவது போன் அவளைப் பெற்றவளுக்கு.

"அம்மா, நான் எத்தனை மணிக்குப் பொறந்தேன்?"

"எதுக்குடி இப்ப?"

"சொல்லும்மா."

"இடுப்பு வலியில எவடி கடிகாரம் பார்த்தா? உங்க அப்பாவைக் கேட்டா காலையிலம்பாரு. உங்க அத்தை சாயங்காலம்பா. ரெண்டு பேருமே அங்க இல்ல."

பெற்றவளுக்கே தெரியாத நேரம் பித்தளைக் குண்டுக்குத் தெரிந்திருக்கிறது!

சிரிப்பு வந்தது ஊசியம்மாவுக்கு. சிரித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. குளிர்பெட்டிக் குறிப்பேட்டை எடுத்தாள். தினமும் காலையில் வந்ததும் குளிர்பெட்டியின் குளிர் எவ்வளவு, தன் கைக்கடிகாரத்தில் மணி என்ன, கம்ப்யூட்டரில் மணி என்ன என்று அவள் எழுதி வைப்பாள். யாரும் கேட்டு எழுதுவதில்லை. வேலை கற்றுக்கொடுத்தவர் அப்படிப் பழக்கியிருந்தார்.

இரண்டு மாதத்துப் பக்கங்களையும் புரட்டினாள். மெயின் இறங்கிய மறுநாளெல்லாம் மூன்றரை மணி நேரம் பின்னால். மெயின் இறங்காத நாளெல்லாம் சரி. ஞாயிறு முழுக்க இறங்கிக் கிடந்த திங்கட்கிழமை மட்டும் பன்னிரண்டு மணி நேரம். எத்தனைக்கெத்தனை இருட்டில் கிடந்ததோ அத்தனைக்கத்தனை பின்னால். அந்தப் பக்கங்களில் அவளும் ஒரு நாள் விடாமல் இருந்தாள், வந்த நாளிலிருந்து தகடும் இருந்தது. மாறியது ஒன்றே ஒன்றுதான்.

அவள் எழுந்து நடைக்கூடத்துக்குப் போனாள். மிக்சிக்காரருக்கு முறை வந்திருந்தது. மிக்சியும் ஓடிக்கொண்டிருந்தது. ஞானி அதைத் தூக்கிக் குலுக்கியிருந்தார்.

"ஐயா, நான் நாளைக்கு மதியம் போயிடறேன். போறதுக்கு முன்னாடி ஒரு சோதனை."

"சோதனையா? என்னையா?" காலஞானி சிரித்தார். கூட்டமும் சிரித்தது.

"உங்களை இல்லைங்க, என்னைத்தான். எங்க கூடத்துல ஒரே வயசுல ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. ஒண்ணு வரவேற்பறையில. அதுல இந்தத் தளத்துத் தகடு ஏழையும் வைங்க. நான் அந்த அறைப் பக்கமே போகல. பூட்டி, சாவியைப் போட்டோக்கார அண்ணன் வச்சுக்கட்டும். இன்னொண்ணு நான் தினம் உக்கார்ற மிஷின். அதுல தகடே வேண்டாம். என் கோட்டை அது மேல போர்த்திட்டுப் போறேன். நான் நேரந்தின்னின்னா அது தின்னு தீர்த்திருக்கணும் இல்லையா?"

"ஆமாமா" என்றது கூட்டத்தில் ஒரு குரல். வேடிக்கை என்றால் எந்தப் பக்கம் என்று பார்க்காத குரல்.

"மெயின் இறங்கக் கூடாது" என்றார் ஞானி சட்டென்று.

"ஒன்பது நாள் முடிஞ்சுதுங்களே" என்றார் கட்டடக்காரர். "இன்னைக்கு நான் இறக்கியே ஆகணும். எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"தகடு ஏழு இருக்கு. ஒரு சுவிட்சுக்குப் பயப்படுமாங்க?" என்றாள் ஊசியம்மா.

நாற்பது கண்கள் ஞானியைப் பார்த்தன. பயப்படும் என்று சொல்ல வழியில்லை. தலையாட்டினார்.

எட்டு மணிக்கு முன்னால் இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டோக்காரர் தன் போனைப் பார்த்து மணியைச் சரியாக வைத்தார். இரண்டையும் அணைத்தார்கள். ஊசியம்மா தன் கம்ப்யூட்டரின் ஒயரை எல்லார் கண் முன்னாலும் குளிர்பெட்டிக்குப் பக்கத்துப் பிளக்கில் செருகினாள். "அணைஞ்சே கிடக்கட்டும். மின்சாரம் மட்டும் போய்க்கிட்டு இருக்கட்டும்" என்றாள். பிறகு கோட்டைக் கழற்றி அதன் மேல் போர்த்தினாள். ஏழு தகடு ஏறிய மற்றது கல்யாணப் பெண்போல் பளபளவென்று இருந்தது. கட்டடக்காரர் மெயினை இறக்கி, ஒரு தட்டுத் தட்டினார். ஒன்பது நாளைய ஏக்கம் அந்தத் தட்டில் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு நடைக்கூடத்தில் நிற்க இடமில்லை. ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வயிற்றை மறந்து நின்றார்கள். டாக்டரே சீக்கிரம் வந்திருந்தார்.

ஏழு தகட்டு இயந்திரத்தைப் போட்டார்கள். மணி இரண்டு முப்பது.

கோட்டுப் போர்த்திய இயந்திரத்தைப் போட்டார்கள். மணி ஆறு. போட்டோக்காரர் தன் போனை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆறேதான்.

கூட்டம் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தது. காலஞானி மட்டும் கலங்கவில்லை.

"ஏழு தகட்டை ஒரே இடத்துல வச்சா இப்படித்தான் ஆகும். ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டுக்கிச்சு."

என்ன சொல்ல! கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். இரண்டு கண்ணாலும் பார்த்ததைவிட இரண்டு காதாலும் கேட்டது அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. போட்டோக்காரர் வேறு முன்னால் வந்துவிட்டார்.

"என் மிஷினுக்கு என்ன சொல்றே ஊசியம்மா? நேத்து மெயின் இறங்கியும் இப்ப கரெக்டா ஆறு காட்டுது. அதுக்குக் குளிர்பெட்டி ஒயர் கிடையாது. காலமணி பதிச்சிருக்கு, அவ்வளவுதான்!"

"அதைத்தாண்ணா நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். அணைச்சுப் போட்டாலும் மணியை எண்ணிக்கிட்டே இருக்க உள்ளே ஏதோ ஒண்ணு இருக்கு. நம்ம மிஷின்ல அது சோர்ந்து போயிருக்கு, உங்க மிஷின்ல தெம்பா இருக்கு. திறந்து பார்த்துடலாமா?"

"திறக்கக் கூடாது!" ஞானியின் குரல் முதல் தடவையாக ஏறியது. "காலமணி மேல வெளிச்சம் பட்டா குடும்பத்துக்கே ஆகாது!"

போட்டோக்காரர் தயங்கினார். அப்போது அவருடைய மனைவி, கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு நாளும் வாயே திறக்காதவள், சொன்னாள்:

"திறங்க. அவ்வளவு கொடுத்தோமே, எப்படித்தான் இருக்குன்னு நானும் பார்க்கிறேன்."

நான்கு திருகாணி. பக்கவாட்டு மூடி கழன்றது. டாக்டரும் கட்டடக்காரரும் தலையை விட்டுப் பார்த்தார்கள். தூசி படிந்த பச்சைப் பலகையின் மூலையில், தூசியே இல்லாமல், நாணயம்போல ஒன்று பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"அடக் கடவுளே" என்றாள் ஜெராக்ஸ் அக்கா. "இது எங்க வீட்டு எடை பார்க்கிற மிஷினுல போடற பேட்டரி!"

ஊசியம்மா தன் கம்ப்யூட்டரையும் திறந்தாள். அதே இடத்தில் அதே நாணயம், ஆறு வருஷத்து அழுக்கோடு. "அக்கா, எதிர்த்த வாட்ச் கடையில இது மாதிரி ஒண்ணு வாங்கிட்டு வாங்களேன்."

அக்கா ஓடினாள். அவ்வளவு காலையிலும் கடைக்கு மேலேயே குடியிருக்கிற வாட்ச் கடைக்காரர், வேடிக்கையை விட மனமில்லாமல் பேட்டரியைக் கையில் எடுத்துக்கொண்டு தானே வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், ஞானியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அட, நீங்களா ஐயா! போன மாசம் வாங்கின பேட்டரிப் பட்டை அதுக்குள்ள தீர்ந்துடுச்சா? எத்தனை ஊருக்குத்தான் மாத்தறீங்க?"

எல்லார் பார்வையும் ஞானியின் தோல் பைக்குப் போனது.

"பையைத் திறங்க" என்றாள் போட்டோக்காரர் மனைவி.

"பக்தி இல்லாதவங்க கை..."

"பையைத் திறய்யா!"

இந்தத் தடவை ஐந்தாறு குரல். பை திறந்தது. பத்துப் பத்தாகப் பட்டை கட்டிய பேட்டரி, ஒரு சின்ன திருப்புளி, ஒரு கட்டுச் செப்புத் தகடு, பித்தளைக் குண்டு. மகாபரிகாரம் முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது. பெரிய காணிக்கை கொடுத்தவர்களுக்கு ஞானி பேட்டரி மாற்றினார். அதைக் கொடுக்க முடியாதவர்களுக்கு மெயினை இறக்காமல் இருக்கச் சொல்லி, மின்சாரத்தைத் தகடு என்று விற்றார். கேள்வி கேட்டவளுக்கு மட்டும் பிறந்த நேரத்தைக் குற்றமாக்கினார்.

கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போதே ஞானி நழுவப் பார்த்தார். கட்டடக்காரர் வாசலில் நின்றுகொண்டு, காணிக்கையைத் திருப்பித் தராமல் யாரும் இறங்க முடியாது என்றார். நின்றுபோன நான்கு கைக்கடிகாரமும் பிடிபட்ட கைகளில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மிக்சிக்காரர் மட்டும், "எனக்கு மிக்சி ஓடுதுங்க, அவரை விட்டுடுங்க" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசியம்மா தன் கம்ப்யூட்டரில் புதுப் பேட்டரியைப் பொருத்தினாள். மூடியைப் போட்டுத் திருகாணிகளை முடுக்கினாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். வெறும் வயிற்றில் காத்திருந்த முதல் ஆளைக் கூப்பிடப் போனபோது, டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. மனசுல வச்சுக்காதே. நீ மதியம் நிக்க வேண்டாம். எப்பவும் போல வா."

"சரிங்க டாக்டர். என்னை நேரந்தின்னின்னு சொல்லித்தான் அந்த இன்னொரு கூடத்துல கதவைச் சாத்தினாங்க. அது பொய்யின்னு நீங்களே ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க."

"சொல்றேன், சொல்றேன். கண்டிப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அந்த நாற்காலி. வாசலுக்கு எதிர்ல வேண்டாமே? அவன் ஃபிராடுதான், ஒத்துக்கறேன். இருந்தாலும் எதுக்கு வம்பு? ஒரு ரெண்டடி தள்ளிப் போட்டுக்கயேன்."

ஊசியம்மா கையில் எடுத்த ஊசியைத் தட்டில் வைத்தாள். டாக்டருக்குப் பின்னால் நான்கு பட்டங்களும் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தன.

"இப்பவே தள்ளிப் போட்டுடறேன் டாக்டர். எதுக்காகத் தள்ளிப் போடணும்னு ஒரே ஒரு காரணம் சொல்லுங்க. அவன் சொன்னது வேண்டாம், கூட்டம் சொன்னதும் வேண்டாம். நீங்களா யோசிச்சு, ஒண்ணே ஒண்ணு."